இரண்டு ராஜாக்களும் ஒரு பரவாயில்லையும்

ரவுண்ட் ராக், டெக்ஸஸ்
டிசம்பர் 3, 2024

ருக்மிணி மாமிக்கு,

கவரைப் பிரித்ததும் இரண்டு சீட்டு கீழே விழுந்திருக்கும். ஸ்பேடு ராஜா, டைமண்ட் ராஜா. குனிந்து எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுடையவைதான்.

தாங்க்ஸ்கிவிங் அன்று பிளானோவில் குழந்தைகள் வீட்டில் சாப்பாடு முடிந்து போக்கர் விளையாடினோமே, அந்தக் கடைசி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? என் பிள்ளை ஷ்ரேயஸ் சீட்டுப் போட்டான். உங்கள் பெண் மானஸா மசக்கையோடு சோபாவில் படுத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு நடுவில் எல்லாருக்கும் பொது. நடுவில் ஒரு ராஜாவும் இரண்டு எட்டும் கிடந்தன. என் கையில் இருந்தது வெறும் குப்பை. சும்மா மிரட்டிப் பார்க்கலாம் என்று இருந்த பிளாஸ்டிக் சில்லு அத்தனையையும் நடுவில் தள்ளினேன். "பரவாயில்லை மாமி, நீங்களே எடுத்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுச் சீட்டைக் கவிழ்த்துப் போட்டீர்கள். ஃபோல்ட்!

நான் என்ன குதி குதித்தேன்! எப்படி ஏமாற்றினேன் பார்த்தாயா என்று ஷ்ரேயஸிடம் பீற்றிக்கொண்டேன். அப்புறம் மேஜையை ஒழிக்கும்போது உங்கள் சீட்டைத் திருப்பினேன். இரண்டு ராஜா! நடுவில் கிடந்ததோடு சேர்த்தால் மூன்று ராஜா, இரண்டு எட்டு. அதை வைத்துக்கொண்டு யாராவது கீழே போடுவார்களா?

சமையலறைக்கு வந்து கேட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "பிள்ளையாத்துக்காராளைப் போய் ஜெயிக்கலாமோ?" என்றீர்கள். அதுவும் என் பிள்ளை எதிரில். அதனால்தான் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறினேன்.

லேஆஃப் ஆனதிலிருந்து வாரத்தில் பாதி நாள் இங்கே கார்டு ஹவுஸில் உட்காருகிறவள் நான். சின்ன மேஜைதான், ஒன்-த்ரீ என்பார்கள், ஒரு டாலர் மூன்று டாலரில் ஆரம்பிக்கும். ஆனால் அங்கே டிரக் ஓட்டுகிறவர், பல் டாக்டர் எல்லாரும் என்னை ஓர் ஆட்டக்காரியாக மதித்து என்னிடம் தோற்கிறார்கள், மதித்து என்னை ஜெயிக்கிறார்கள். நீங்கள் ஒருத்திதான் கையில் மிட்டாயைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தீர்கள்.

போனில் பேசினால் கத்திவிடுவேன். ஃபேமிலி குரூப்பில் போட்டால் ஊரே படிக்கும். அதனால் தபால்.

அனந்தலக்ஷ்மி

---

ஜெர்சி சிட்டி, நியூ ஜெர்சி
டிசம்பர் 14, 2024

மதிப்பிற்குரிய சம்பந்தி மாமிக்கு ருக்மிணியின் நமஸ்காரம்.

அங்கே மாமாவும் தாங்களும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே இவரும் நானும் சௌக்கியம். ராஜாக்கள் இருவரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள்.

கவரில் தங்கள் பெயரைப் பார்த்ததும், சீமந்தத்துக்கு நாள் பார்த்து எழுதியிருக்கிறீர்கள் என்று சந்தோஷமாகப் பிரித்தேன். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். தங்களைக் குறைவாக நினைத்து நான் அப்படிச் செய்யவில்லை. கை தானாகவே போய்விட்டது. சம்பந்தியை ஜெயிப்பதென்றால், பெண் கல்யாணத்தில் பிள்ளை வீட்டார் நிற்கும்போது முதல் பந்தியில் நாமே போய் உட்காருவது மாதிரி எனக்கு. அது தங்களுக்கு அவமானமாகப் போகும் என்று சத்தியமாகத் தோன்றவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. அந்த ராஜாக்களைக் கீழே வைத்ததிலிருந்து மனசு அங்கேயே நின்றுவிட்டது. போன சனிக்கிழமை இவரையும் இழுத்துக்கொண்டு அட்லாண்டிக் சிட்டி காசினோவுக்குப் பஸ் ஏறினேன். இவர் ஃபுட் கோர்ட்டில் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் போய் ஒன்-த்ரீ மேஜையில் உட்கார்ந்தேன். வந்த சீட்டை எல்லாம் ஆடினேன். வந்ததைத் திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை என்று தோன்றியது. நல்ல சீட்டு வந்து காசு போடும்போது மட்டும் என்னை அறியாமல் "சாரி" என்றேன். எதிரில் இருந்தவர் உடனே சீட்டைப் போட்டுவிட்டு, "தேங்க்ஸ் ஃபார் தி வார்னிங், மேம்" என்றார். மேஜையே சிரித்தது. கொண்டுபோனது அத்தனையும் போயிற்று.

ஆனால் மாமி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மானஸா கல்யாணத்துக்கு அப்புறம் இவ்வளவு சந்தோஷமாக எனக்கு ஒரு சனிக்கிழமை போனதில்லை. நான் எங்கே தப்புப் பண்ணுகிறேன் என்று தாங்கள் இரண்டு வரி எழுதினால் நன்றாக இருக்கும். நேரம் இல்லையென்றால் வேண்டாம், பரவாயில்லை.

தங்கள்
ருக்மிணி

---

ரவுண்ட் ராக்
ஜனவரி 6, 2025

ருக்மிணி மாமி,

"சாரி"யா! நான் சிரித்த சிரிப்பில் இவர் மாடியிலிருந்து இறங்கி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். கோபம் போயிற்று. இன்னும் கொஞ்ச நாள் கோபமாக இருக்கலாம் என்று நினைத்திருந்தேன், கெடுத்துவிட்டீர்கள்.

வந்த சீட்டை எல்லாம் ஆடாதீர்கள். பத்திரிகை வந்த கல்யாணத்துக்கெல்லாம் போகிறோமா? மொய் எழுதி மாளுமா? பேசாமல் கீழே போட்டுவிட்டு அடுத்தவர்களை வேடிக்கை பாருங்கள், அதில்தான் பாதிப் படிப்பு. கடைசியில் பேசுகிற இடம் கிடைத்தால் அங்கே கொஞ்சம் தாராளமாக ஆடலாம். எல்லாரும் வாயைத் திறந்த பிறகு நாம் திறந்தால் யாரிடம் என்ன இருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். கடைசியில் பேசுவது எப்படி என்று பெண்ணைப் பெற்றவருக்கு நான் சொல்லித்தர வேண்டாம்.

இதுதான் முக்கியம். இந்தச் சின்ன மேஜைக்கு வருகிறவர்கள் சீட்டைக் கீழே வைப்பதற்காக வரவில்லை, பொழுதுபோக வருகிறார்கள். மிரட்டினால் ஓட மாட்டார்கள். அதனால் நான் உங்களிடம் ஆடிய பொய் ஆட்டம் அங்கே வேண்டாம். நல்ல கை வந்தால் காசைப் போட்டுக் கேளுங்கள். தயங்காமல், பெரிசாக, "சாரி" இல்லாமல் கேளுங்கள். கொடுப்பார்கள். உங்களுக்கு வராதது அது ஒன்றுதான், கேட்பது.

இன்னொன்று. சீட்டாடுகிறவர்கள் "டெல்" என்று ஒன்று சொல்வார்கள். கையில் இருப்பதை நம்மை அறியாமல் காட்டிக்கொடுக்கிற சின்னப் பழக்கம். ஒருத்தர் மூக்கைச் சொறிவார், ஒருத்தர் காபியைத் தள்ளி வைப்பார். உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். உங்கள் டெல் "பரவாயில்லை". ராஜாக்களைக் கீழே வைக்கும்போது அதைத்தான் சொன்னீர்கள். எனக்கு எழுதச் சொல்லிக் கேட்டுவிட்டு அதையே எழுதியிருக்கிறீர்கள். மானஸாவுக்கு நீங்கள் பார்த்து வைத்திருந்த அரக்குக் கூறைப்புடவையை நான் மாம்பழ மஞ்சளுக்கு மாற்றினேனே, அன்றைக்கும் கடையில் நின்றுகொண்டு "பரவாயில்லை மாமி" என்றீர்கள். இப்போதுதான் உறைக்கிறது. உங்களுக்கு அந்த அரக்கு ரொம்பப் பிடித்திருந்தது, இல்லையா?

என் கதை கேளுங்கள். நேற்று கவ்பாய் பூட்ஸ் போட்ட ஒரு பெரியவர், ஒரு மணி நேரமாகக் காபி குடிப்பதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. திடீரென்று குவியலாகச் சில்லைத் தள்ளினார். என்னிடம் இரண்டு ஜோடி இருந்தது. அவரிடம் என்னதான் இருக்கிறது என்று பார்க்காமல் விட முடியுமா? பார்த்தேன். பார்த்த கூலியைக் கொடுத்துவிட்டு வந்தேன். என் வியாதி அது.

அனந்தலக்ஷ்மி

---

ஜெர்சி சிட்டி
பிப்ரவரி 9, 2025

அன்புள்ள சம்பந்தி மாமிக்கு,

ஜெயித்துவிட்டேன்!

நமஸ்காரம் எழுத மறந்துவிட்டேன், இப்போது எழுதுகிறேன்: நமஸ்காரம். சனிக்கிழமை அட்லாண்டிக் சிட்டியில் மத்தியானம் வரை சீட்டைக் கீழே போட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "ஹனி, ஆர் யூ வெயிட்டிங் ஃபார் எ பஸ்?" என்று கேட்டாள். அப்புறம் இரண்டு ராணி வந்தது. பேசுகிற முறை எனக்குக் கடைசி. நீங்கள் சொன்ன மாதிரி எல்லாரையும் பேசவிட்டேன். பிறகு போட்டேன், பெரிசாக. வாயில் "சாரி" வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். ஹூடி போட்ட ஒருவர் அதே காசைக் கட்டினார். மறுபடி போட்டேன், மறுபடி கட்டினார். கடைசிச் சீட்டு விழுந்ததும் இன்னும் பெரிசாகப் போட்டேன், அதற்கும் பேசாமல் கட்டினார்! கேட்டால் கொடுக்கிறார்கள் மாமி. இத்தனை வருஷம் பேங்கில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன், சம்பள ரேட்டை ஏற்றிக்கொடுங்கள் என்று ஒரு தடவை கேட்டதில்லை. சில்லை இழுத்துக்கொள்ளும்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். ஃபுட் கோர்ட்டுக்கு ஓடி இவரிடம் சொன்னேன். இவர் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார், அது அதைவிடப் பெரிய ஜெயம்.

ஆமாம். அரக்குதான். அதில் சின்னச் சின்னதாக மயில் இருந்தது.

உங்கள் பூட்ஸ் பெரியவரைப் பற்றி யோசித்தேன். நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் வாயைத் திறக்காத மனுஷர் திடீரென்று அவ்வளவு தள்ளினால், அவரிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கவே வேண்டாமே? அவரே சொல்லிவிட்டார். உங்களுக்கும் அது தெரிந்திருக்கும். கீழே வைக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். எனக்குக் கேட்க வராத மாதிரி உங்களுக்கு விட வரவில்லை.

மானஸா உங்களிடமும் பேசியிருப்பாள். மே மாதம் பிரசவத்துக்கு யாராவது ஒருத்தர் மட்டும் வந்தால் போதும் என்கிறாள். ஆஸ்பத்திரியிலும் ஷ்ரேயஸைத் தவிர ஒருத்தரைத்தான் உள்ளே விடுவார்களாம், வீட்டிலும் விருந்தாளிக்கு ஓர் அறைதான். "ரெண்டு பேரும் வந்தா எனக்கு பைத்தியம் பிடிச்சுடும்மா, யூ டூ ஃபிகர் இட் அவுட்" என்று போனை வைத்துவிட்டாள். நீங்கள் மூன்று மணி நேரத்தில் காரில் போய்விடலாம். எனக்கோ கான்ட்ராக்ட் வேலை, லீவு கேட்டால் சிக்கல். நீங்களே போங்கள் மாமி. எனக்குப் பரவாயில்லை.

அன்புடன்
ருக்மிணி

---

ரவுண்ட் ராக்
பிப்ரவரி 17, 2025

மாமி,

கால்.

போன் இல்லை. சீட்டாட்டத்தில் "கால்" என்றால் காசைக் கட்டிவிட்டு எதிராளி கையைப் பார்ப்பது. உங்கள் கடைசி வரியைப் படித்தேன். அதில் அந்த வார்த்தை இருக்கிறது. கால் பண்ணுகிறேன். சீட்டைத் திருப்புங்கள்.

என்னுடையதை முதலில் காட்டிவிடுகிறேன். போக எனக்குக் கொள்ளை ஆசை. பெட்டி கட்டி வைத்தாயிற்று. எனக்குப் பெண் கிடையாது, ஷ்ரேயஸ் ஒருத்தன்தான். மானஸா என்னை "அம்மா" என்று கூப்பிடும்போது உள்ளே என்னமோ செய்கிறது, அதை அவளிடம் சொன்னதில்லை. இந்த வீட்டில் இவர் போனோடு, நான் சீட்டோடு. ஒரு சின்ன உயிர் வரப்போகிறது என்றால் நான் பறந்து போவேன்.

ஆனால் நீங்கள் கவிழ்த்துப் போட்ட ராஜாக்களை வைத்து இன்னொரு தடவை ஜெயிக்க மாட்டேன். ஒரு தடவை பட்டதே போதும். உங்களுக்கு நிஜமாகவே வேண்டாம் என்றால் அப்படியே எழுதுங்கள், சந்தோஷமாகப் போகிறேன். வேண்டும் என்றால் கேளுங்கள். ஹூடி போட்டவனிடம் மூன்று தடவை கேட்டவர் என்னிடம் ஒரு தடவை கேட்கக் கூடாதா?

அனந்தலக்ஷ்மி

---

ஜெர்சி சிட்டி
மார்ச் 8, 2025

அன்புள்ள மாமிக்கு,

இந்தக் கடிதத்தை நிறையத் தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் அந்த வார்த்தை எப்படியோ வந்து உட்கார்ந்துகொண்டது.

மானஸா பிறந்த கொஞ்ச மாதத்தில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. டேகேருக்கு அப்போது எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. என் மாமியார், "கொழந்தைய நான் மெட்ராஸுக்கு எடுத்துண்டு போறேன், கொஞ்சம் பெரிசானப்புறம் கொண்டு வந்து விடறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். யார் மேலும் குறை இல்லை, அப்போது இங்கே நிறைய வீடுகளில் அப்படித்தான். நான் சொன்ன பதில் உங்களுக்குத் தெரியும். அவள் குப்புற விழுந்ததை நான் பார்க்கவில்லை. தவழ்ந்ததைப் பார்க்கவில்லை. முதல் பல்லைக் கடுதாசியில் படித்தேன். நெவார்க் ஏர்போர்ட்டில் திரும்பி வந்து இறங்கியபோது நடந்து வந்தாள். நான் கையை நீட்டினேன். யாரோ என்று நினைத்து வீறிட்டு அழுதாள்.

எனக்கு வேண்டும், மாமி. மே மாதம் நான் போக வேண்டும். அந்த அறைக்குள் மானஸா பக்கத்தில் நான் நிற்க வேண்டும். பத்தியச் சமையல் நான் பண்ண வேண்டும். ராத்திரி அது அழுதால் நான் எழுந்திருக்க வேண்டும்.

மேனேஜரிடம் லீவு கேட்டேன். திரும்பி வரும்போது கான்ட்ராக்ட் இருக்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார். "ஓகே, ஐ ஆம் கோயிங்" என்றேன். எழுந்து வரும்போது கால் தரையில் இல்லை.

உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று காட்டிவிட்டீர்கள். அது சின்னக் கை இல்லை. தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

ருக்மிணி

---

ரவுண்ட் ராக்
ஏப்ரல் 2, 2025

ருக்மிணி,

மாமி வேண்டாம் என்று பார்க்கிறேன். நமக்கு ஒரே வயசுதானே.

பதில் தாமதமாகிவிட்டது. பெரிய கையென்றால் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்வார்கள், அப்படி வைத்துக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. ஏன் கேட்கச் சொன்னோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தேன்.

போன வாரம் கார்டு ஹவுஸில் அதே பூட்ஸ் பெரியவர். அதே காபி. வழக்கம் போலச் சும்மா இருந்துவிட்டு, குவியலாகத் தள்ளினார். என்னிடம் மூன்று பத்து, அழகான கை. கட்டக் கை போயிற்று. அப்போது உங்கள் வரி காதில் கேட்டது, அவரே சொல்லிவிட்டார் என்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, ஆனாலும் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தேன். பெரியவர் என்னைப் பார்த்தார். தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார், என்னுடையதை விடப் பெரிசு. "குட் ஃபோல்ட், மேடம்" என்று மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினார். இத்தனை நாளில் சில்லு வாரும்போது கிடைக்காத சந்தோஷம் அதில் கிடைத்தது. அதை எனக்குக் கொடுத்தது நீங்கள். காரில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், எதற்கு என்று உங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன்.

ஃபோல்ட், ருக்மிணி. நீங்கள் போங்கள். இது பெண் வீட்டுக்கு இரக்கப்பட்டுப் போட்ட ஃபோல்ட் இல்லை, மரியாதைக்கும் இல்லை. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன். உங்கள் கை பெரிசு.

பிரசவ லேகியம் கிளறி வைத்திருக்கிறேன், பத்தியத்துக்கு அங்காயப்பொடியும் திரித்தாயிற்று. சீமந்தத்துக்கு வரும்போது மானஸாவிடம் கொடுத்துவிடுகிறேன். பொடி காரமாக இருந்தால் நெய் அதிகம் விடுங்கள். அங்கிருந்து தினமும் ஒரு போட்டோ அனுப்புங்கள். கேட்டுவிட்டேன், கேட்டால் கொடுப்பார்கள் அல்லவா?

அனந்தா

---

பிளானோ, டெக்ஸஸ்
மே 24, 2025

அன்புள்ள அனந்தா,

தினமும் போட்டோ வருகிறது, வீடியோவில் மணிக்கணக்காகப் பேசுகிறோம், இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். இதைப் போனில் சொன்னால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அழுதுவிட்டு விஷயத்தைக் கோட்டை விட்டுவிடுவோம்.

அன்றைக்கு அந்த அறையில் நடந்ததை உங்களுக்கு முழுசாகச் சொல்லவில்லை. குழந்தையை மானஸா மார்பிலிருந்து எடுத்துத் துடைத்துத் துணியில் சுற்றினார்கள். ஷ்ரேயஸ் வாங்கிப் பார்த்துவிட்டு, கண்ணெல்லாம் தண்ணீராக, மானஸா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். நர்ஸ் குழந்தையோடு என்னைப் பார்த்து, "டு யூ வாண்ட் டு ஹோல்ட் ஹர், ஆர் ஷுட் ஐ புட் ஹர் டவுன்?" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம். அதை முழுங்கிவிட்டு, "ஐ வாண்ட்" என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

அழவில்லை, அனந்தா. என்னைப் பார்த்து அது அழவே இல்லை.

"தேங்க்ஸ்" என்று சுலபமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். தமிழில் சொந்தக்காரர்களுக்குள் நாம் இதைச் சொல்லிக்கொள்வதே கிடையாது, வாய் கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்: நன்றி. ராஜாக்களைத் திருப்பி அனுப்பியதற்கு. என்னைக் கேட்க வைத்ததற்கு. கேட்டதும், உங்களுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும் வேண்டியிருந்தும், கீழே வைத்ததற்கு. நான் அன்றைக்கு உங்களுக்குக் கொடுத்தது விட்டுக்கொடுப்பே இல்லை. நீங்கள் எனக்குக் கொடுத்ததுதான்.

மேனேஜரிடமிருந்து மெயில் இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும்.

மானஸாவிடம் பேசிவிட்டேன். இன்னொருத்தர் வந்தால் பைத்தியம் பிடிக்குமா என்று கேட்டேன். லேகியம் தீர்ந்துபோய்விட்டது, அம்மாவைச் சீக்கிரம் வரச் சொல்லு என்கிறாள். அவள் "அம்மா" என்றது உங்களை. அதனால் வெள்ளிக்கிழமை காரை எடுங்கள். பகலில் குழந்தையை மடியை விட்டு இறக்காதீர்கள், நான் கேட்க மாட்டேன். வரும்போது அந்தப் பழைய சீட்டுக்கட்டை எடுத்து வாருங்கள். குறைகிற இரண்டு ராஜாவும் என் கைப்பையில் இருக்கிறார்கள். இந்தத் தடவை உங்களைத் துடைத்து அனுப்பப் போகிறேன்.

படுக்க மட்டும் உங்களுக்கு சோபாதான். அறை என்னுடையது. விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ருக்மிணி